சந்தேகம் அண்ணாச்சியும் சுற்றிக்கொண்டே இருந்த வட்டமும்

ஒரகடத்தில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இருக்கிற அத்தனை கம்பெனிகளிலும் தேடினாலும், சந்தேகம் அண்ணாச்சியைப் போல எதையும் நம்பாத மனிதர் ஒருவர் அகப்பட மாட்டார். சுவர்க் கடிகாரம் மணி பத்து என்று காட்டினால் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதுவும் பத்து என்றால் என் கையை இழுத்து என் கடிகாரத்தைப் பார்ப்பார். மூன்றும் பத்து என்று சொன்னால், "மூணும் ஒண்ணு போல காட்டுதே, எங்கயோ இடிக்கி வே" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

அவருடைய உண்மைப் பெயர் கேட் ரெஜிஸ்டரில் இருந்தது. அதையும் தினமும் வேறு வேறு மாதிரி கிறுக்கி வைப்பார். ஒரே மாதிரி எழுதினால் யாராவது கையெழுத்தைக் காப்பியடித்துவிடுவார்களாம். ஆகையால் செக்யூரிட்டி முதல் கேன்டீன் வரை எல்லாருக்கும் அவர் சந்தேகம் அண்ணாச்சிதான். முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர்.

ஊர் தென்காசிப் பக்கம். கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் இருந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, தோளில் லேப்டாப் பை, கையில் நீளமான கோடு போட்ட நோட்டு. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கிளம்பும்போது செக்யூரிட்டி, "நாளைக்கு வருவீங்களா அண்ணாச்சி" என்று கேட்டால், "இருந்தா வருவேன்" என்பார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருவது வழக்கம். ஏறுவதற்கு முன் டிரைவரிடம் பிரேக் பார்த்தாயா, டயர் பார்த்தாயா, சரியாகத் தூங்கினாயா என்று விசாரித்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார். ஒரு டிரைவர் பொறுக்க மாட்டாமல், "இன்னா பெர்சு, நீ ஆட்டோல வரப் போறியா, எனுக்குப் பொண்ணு குடுக்கப் போறியா" என்று கேட்டானாம். அண்ணாச்சி கோபமே படாமல், "ரெண்டுக்கும் விசாரிக்கணும்லா" என்றாராம்.

இப்படிப்பட்டவரை எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்தது ஒரு வட்டம். நாங்கள் காருக்கான சின்னச் சின்ன பாகங்களைச் செய்து, பெட்டியில் போட்டு, பக்கத்தில் இருக்கிற பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறவர்கள். டிஸ்பாட்ச்சில் ஒவ்வொரு பெட்டியின் லேபிளையும் ஸ்கேனரால் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பீப் என்று சத்தம் வந்து திரையில் பச்சை எரிந்தால் பெட்டி லாரிக்குப் போகும். ஸ்கேனர் வைஃபையில் ஓடுகிறது. அந்த வைஃபை நினைத்தபோது படுத்துக்கொள்ளும். பீப் வராது, பச்சை எரியாது, திரையில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிஷம் சுற்றும், சில சமயம் கால் மணி நேரம். லாரி நிற்கும். பெரிய கம்பெனியிலிருந்து போன் வரும். மேனேஜர் மாடி ஆபீஸிலிருந்து இறங்கி வருவார். அவர் கடைசிப் படியில் கால் வைக்கிற நேரத்தில் வட்டம் நின்று பச்சை எரியும். அவர் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

பகல் ஷிப்ட்டில் அந்த ஸ்கேனரைப் பிடித்திருந்தவர் தேவகியக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரர். நாலு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து அந்த வீட்டில் வேலைக்குப் போவது இவர் ஒருவர்தான். சாயங்கால ஷிப்ட்டில் அதே டேபிளில், அதே ஸ்கேனரில் வேறொருவர் வேலை செய்தார். அவருக்கு ஒரு நாளும் வட்டம் சுற்றவில்லை. தேவகியக்கா மேல் பழி விழ இது போதாதா?

மேனேஜர் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, "டேபிள் ஒண்ணு, ஸ்கேனர் ஒண்ணு, நெட்டு ஒண்ணு. ஆள்தான் வேற. அப்ப ப்ராப்ளம் எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க" என்றார். பதிலையும் அவரே சொன்னார், ஆளிடம்தான் என்று. காண்ட்ராக்ட் ஆட்களில் யார் யாரைத் தொடர்வது, யாரை நிறுத்துவது என்று மாதக் கடைசியில் ஒரு லிஸ்ட் போகும். நிறுத்துகிற லிஸ்ட்டில் தேவகியக்கா பெயர் ஏறியது. ஹெச்.ஆர். மட்டும் ஆதாரம் வேண்டும் என்று கேட்டது.

ஆதாரம் எடுக்கிற திருப்பணி என் தலையில் விழுந்தது. நான் டிஸ்பாட்ச் ஆபீஸில் எக்ஸிகியூட்டிவ். பெயர் பெரிசு, வேலை என்னவென்றால் மேனேஜர் சொல்வதைச் செய்வது. ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, தினமும் தேவகியக்கா பக்கத்தில் நின்று பத்துப் பத்து நிமிஷமாக மூன்று வீடியோ எடுக்கச் சொன்னார்கள். மனசுக்குப் பிடிக்காத வேலைதான். ஆனால் பிடிக்கவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் தேவகியக்கா, "மூஞ்சி தெரியுதா சார் அதுல?" என்று கேட்டார்.

"இல்லக்கா. கை மட்டும்தான்."

"கையி தானே, பாத்துக்கோங்க. நாலு வருசமா இதான் சோறு போட்டுகினு கீது."

முதல் வீடியோவில் கை சும்மா பறந்தது. பீப், பீப், பீப். இரண்டாவது வீடியோவில் பாதியிலேயே வட்டம் வந்துவிட்டது. மூன்றாவது முழுக்க வட்டம்தான். தேவகியக்கா ஸ்கேனரைத் தட்டுகிறார், லேபிளைத் துடைக்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி ஸ்கேனரைத் தட்டுகிறார். தினமும் இதே வரிசை. மேனேஜர் பார்த்துவிட்டு, "புரியுதா? முதல்ல கேமராவுக்காக வேகமா பண்றாங்க. அப்புறம் ஒரிஜினல் வந்துடுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேலதிகாரி சொன்ன பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றியதாகச் சரித்திரம் இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் சந்தேகம் அண்ணாச்சி உள்ளே வந்தார். வைஃபையை ஒரு தடவை பார்த்துச் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆதாரம் முழுமையாகிவிடும் என்பது மேனேஜர் கணக்கு. அரை நாள் வேலை. அண்ணாச்சி மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

முதலில் கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகப்பட்டார். அது ஓடினால் வைஃபைக்கு ஆகாதாம். ஒரு வாரம் அதற்குப் பூட்டுப் போட்டார். மழைக்காலம், வெளியே வானம் விடிந்தும் விடியாத மாதிரி கிடக்கிறது, உள்ளே நூறு பேர் சில்லிட்ட சோற்றைத் தின்றுகொண்டு அண்ணாச்சியின் பரம்பரையை விசாரித்தார்கள். வட்டம் சுற்றியது. அடுத்து ஃபோர்க்லிஃப்ட். அதை அரை நாள் ஓரம் கட்டினார். பெட்டிகளை ஆட்கள் சுமந்தார்கள். வட்டம் சுற்றியது. அடுத்து கூரையில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியை ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஆயுத பூஜையன்று எங்கள் ஆட்கள் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்ததோடு நிற்காமல், பச்சை விளக்கு எரிகிறதே என்று அதற்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் சுற்றியிருந்தார்கள். மாலை காய்ந்து, மழை ஈரத்தில் மறுபடி நனைந்து, கறுப்பாகத் தொங்கியது. அண்ணாச்சி அதை அறுத்துக் கீழே போட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "சாமிக்குப் போட்டத அறுத்துட்டான். இனிமே இந்தக் கம்பெனி உருப்பட்டாப்லதான்" என்றார். அன்று மத்தியானம் வட்டம் அரை மணி நேரம் சுற்றியது. அந்த அம்மா முகத்தில் ஒரு திருப்தி.

தோற்கத் தோற்க அண்ணாச்சிக்குத் தெம்பு கூடியது. சந்தேகப்பட ஆட்களுக்கா பஞ்சம். டிஸ்பாட்ச் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் எழுத ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு வட்டம் வந்தது, எத்தனை மணிக்குப் போனது, அப்போது யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள், மழையா வெயிலா, கேன்டீனில் என்ன குழம்பு. நாலு நாள் இப்படி எழுதினார். ஐந்தாம் நாள் காலை நான் வந்து பையை வைப்பதற்குள் எதிரில் வந்து நின்றார்.

"நீருதான் வே" என்றார்.

"நான் என்ன பண்ணேன் அண்ணாச்சி?"

"அது தெரியல. ஆனா நீரு டேபிள் பக்கம் வந்துட்டுப் போனா நெட்டு படுக்கு. நாலு நாளா பாக்கேன். தப்பவே இல்ல."

அன்றிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டார். இடுப்பில் தாயத்து உண்டா என்று பாத்ரூம் வாசலில் நிறுத்திக் கேட்டார். செருப்பில்லாமல் நடக்கவிட்டார். நான் என்ன ராசி என்றுகூட ஒரு நாள் கேட்டார். கேட்டது ஒரு நெட்வொர்க் இன்ஜினியர் என்பதை மறக்க வேண்டாம். சேதி மெல்ல லாரி டிரைவர்கள் வரை போய்விட்டது. என் தலையைப் பார்த்ததும், "சார் வராரு, சீக்கிரம் ஏத்துங்கப்பா, நெட்டு பூடும்" என்று கத்துவார்கள். கேன்டீனில் என் பெஞ்சில் உட்கார ஆள் இல்லை. தேவகியக்கா மட்டும் மரியாதையாகத்தான் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள நான் நல்ல பேரு எடுத்தாவணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லிஸ்ட் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

மாதத்தின் கடைசி நாள் சனிக்கிழமை. அன்று லிஸ்ட்டில் கையெழுத்தாகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி என்னை வெறுங்கையோடு டேபிளுக்கு அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை. போனோடு அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை. டேப்லெட்டோடு அனுப்பி வீடியோ எடுக்கச் சொன்னார். எடுக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. எடுத்து முடித்து நான் திரும்பி நடக்கையில் வட்டம் வந்தது.

அண்ணாச்சி ஓடி வந்து டேப்லெட்டைப் பிடுங்கினார். மாடி ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போய் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தார். அதற்குள்ளே ஒரு ஆப், யாரும் கூப்பிடாமலே, மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அது எங்கள் மேனேஜரின் செல்லப் பிள்ளை. பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்பதற்காக எங்களுக்குள் ஒரு சுத்தப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு செக்‌ஷனும் காலையில் பெருக்குவதற்கு முன் ஒரு போட்டோ, பெருக்கிய பின் ஒரு போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போட வேண்டும். யார் போட்டாலும் அது மாடியில் இருக்கிற எட்டுக் கம்ப்யூட்டருக்கும் தானாகவே போய்ச் சேருகிற மாதிரி அந்த ஆப்பைப் போட்டிருந்தார். திரையில் ஒன்றும் தெரியாது. பின்னால் சத்தமில்லாமல் ஓடும். என் வீடியோக்களும் அதே ஃபோல்டரில்தான் விழுந்தன. நான் எடுத்து முடித்ததும் வீடியோ டேப்லெட்டிலிருந்து கிளம்பி இன்டர்நெட்டுக்குப் போகும், போனது எட்டுப் பங்காகத் திரும்பி எட்டுக் கம்ப்யூட்டருக்கும் இறங்கும். போவதற்கும் வருவதற்கும் வழி டிஸ்பாட்ச் கூரையில் இருக்கிற அந்த ஒரே வைஃபை பெட்டிதான். தேவகியக்காவின் ஸ்கேனர் அனுப்புகிற துளியூண்டு சேதி அந்த நெரிசலில் மூச்சு முட்டி நிற்கும். சாயங்கால ஷிப்ட்டில் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும், போட்டோவும் இல்லை, வீடியோவும் இல்லை, ஆகையால் வட்டமும் இல்லை.

அண்ணாச்சி அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவாரா. என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டு, கீழே டேபிளைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஆப்ப நிறுத்தும்."

நிறுத்தினேன். கீழேயிருந்து பீப், பீப், பீப் என்று வந்தது.

"ஓட விடும்."

ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. "இன்னாடா இது" என்று தேவகியக்கா அலுத்துக்கொள்வது கேட்டது.

இப்படி ஒரு பத்துத் தடவை. பத்தாவது தடவைக்குப் பிறகு செக்யூரிட்டியைக் கூப்பிட்டு அவரையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னார். எனக்கு மூன்றாவது தடவையிலேயே புரிந்துவிட்டது. தேவகியக்கா மந்தம் என்று நிரூபிக்க நான் ஒரு வீடியோ எடுத்தேன், அந்த வீடியோ அவர் கையைக் கட்டிப் போட்டது, கட்டிப் போட்டதை அடுத்த வீடியோவில் எடுத்து ஆதாரம் என்று கொடுத்தேன். சுத்தப் போட்டியின் போட்டோக்கள் அதற்கு முன்பே அரைகுறையாகச் செய்துகொண்டிருந்ததை நான் முழுசாகச் செய்து முடித்தேன். தள்ளி நில்லுங்க என்று அவர் கும்பிட்டுக் கேட்டது சரியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு உட்கார்ந்த இடத்தில் கூசியது.

அண்ணாச்சி கீழே இறங்கிப் போய், "யம்மா, ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

தேவகியக்கா ஸ்கேனரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது எனுக்கு மொதல்லயே தெரியும் சார்" என்றார்.

நாங்கள் இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "சூப்பர் அண்ணாச்சி. அந்த ஆப்ப பகல்ல நிறுத்திடுங்க. மேட்டர் ஓவர்" என்றார்.

"அந்தம்மா பேரு லிஸ்ட்டுல இருக்கே சார்."

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்க அண்ணாச்சி. ரிப்போர்ட்ல ரீஸ்டார்ட் பண்ணோம், சரியாச்சுன்னு எழுதுங்க. நாங்க போட்ட ஆப்பாலயே லாரி லேட்டாச்சுன்னு எழுதினா கஸ்டமருக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஒரு காண்ட்ராக்ட் ஆளு போனா வேற கம்பெனில சேர்ந்துக்கும். எனக்கு ஆடிட் போனா போனதுதான்."

அண்ணாச்சி எழுந்து வெளியே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைக் கையாலேயே எழுதினார். ஒரே ஒரு பக்கம். என்ன ஆப், எங்கே ஓடியது, எப்போது ஸ்கேனர் நின்றது, வீடியோவில் தெரிவது ஆளின் மந்தமல்ல, நெட்டின் மந்தம். கடைசியில் தன் கையெழுத்தைப் போட்டார். அன்றைக்கு மட்டும் கிறுக்காமல், படிக்கிற மாதிரி முழுப் பெயரையும் எழுதினார். அதன் கீழே சாட்சி என்று எழுதி ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதி, என் டேபிளில் கொண்டுவந்து வைத்தார்.

"வீடியோ எடுத்தது நீரு. நீரு சொன்னாத்தான் வே ஹெச்.ஆர்ல எடுபடும். நான் வெளியாளு."

நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மேனேஜரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல பார்த்துக்கலாமே அண்ணாச்சி" என்றேன்.

ஷேர் ஆட்டோ டிரைவரை மூன்று கேள்வி கேட்கிறவர், என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி வே, காலைல" என்று காகிதத்தை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை படப்பையில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காய்ச்சல், வர முடியாது என்று ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் போட்டேன். உடம்பு ஜில்லென்றுதான் இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் அவ்வளவுதான். கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. அன்றைக்கு தேவகியக்காவுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

திங்கட்கிழமை போனபோது டேபிளில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தார். ஆப்பை நிறுத்தியிருந்தார்கள். பீப் சத்தம் இடைவிடாமல் வந்தது. புதுப் பெண் ரொம்ப வேகம் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அண்ணாச்சியின் ஸ்டூல் காலியாக இருந்தது. தன் எல்லையைத் தாண்டி ஹெச்.ஆருக்குப் போனார் என்று ஏஜென்சிக்குப் புகார் போயிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனிக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை, மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடு பண்ணிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். அந்தப் பீப் சத்தம் மட்டும் நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இப்படிப் பத்து நாள் போனது. ஒரு நாள் கேன்டீனில் ஹெச்.ஆர். அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்க கையெழுத்துக்காக ஒரு பேப்பர் என் டிராயர்ல கெடக்குது. கிழிச்சுடட்டுமா?"

"என்ன பேப்பர் மேடம்?"

"அந்த அண்ணாச்சி குடுத்தது. சனிக்கிழம சாயந்தரம் வரைக்கும் அதை வெச்சுக்கிட்டு என் ரூம்லயே உக்காந்திருந்தாரு. சாட்சி கையெழுத்து இல்லாம நான் எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். நீங்க லீவு, வர மாட்டீங்கன்னும் சொன்னேன். அவருக்குக் காய்ச்சல், பாவம், விட்டதும் வந்து போட்டுருவாரு, இடம் விட்டு வையிங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க வரவே இல்ல."

கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டேன். மூன்று கடிகாரம் ஒரே மணி காட்டினால் நம்பாதவர் அந்த மனிதர். ஆபீஸில் ஒருவர்கூட என் காய்ச்சலை நம்பியிருக்க மாட்டார்கள், என் மனைவி உள்பட. அவர் நம்பியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. பொது இடம், ரசத்தில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கை கழுவிவிட்டு நேரே போய்க் கையெழுத்துப் போட்டேன். வீடியோ எடுத்தவனே ஆதாரம் செல்லாது என்று எழுதிக் கொடுத்த பிறகு ஹெச்.ஆரால் அதைக் கிழிக்க முடியவில்லை. விஷயம் வெளியே போகக் கூடாது என்று காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, தேவகியக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தப்பு நடந்ததாக எங்கேயும் எழுதவில்லை. என்னை டிஸ்பாட்ச்சிலிருந்து ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். துருப்பிடித்த இரும்புக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அங்கே வைஃபையே கிடையாது, ஆகையால் என்னால் கெடுவதற்கும் ஒன்றுமில்லை.

தேவகியக்கா வந்த அன்று கேட்டில் எதிரே பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பத்து நாளு வூட்டுல குந்திகினு யோசன பண்ணேன் சார், நான் இன்னா தப்பு பண்ணேன்னு" என்றார். "ஒண்ணும் தோணல. அந்த மன்சன் அப்பவே சொன்னாரு குத்தம் இல்லன்னு. நீங்களும் அப்பவே சொல்லியிருக்கலாம்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார்.

கேட் ரெஜிஸ்டரைப் புரட்டி அண்ணாச்சியின் நம்பரைத் தேடினேன். நம்பரையும் நாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருந்தார் மகாபாவி. செக்யூரிட்டியின் போனில்தான் ஒரிஜினல் கிடைத்தது. தெரியாத நம்பரை அவர் எடுப்பாரா. ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை எடுத்து, நான்தான் என்று சொன்னதும், நிரூபிக்கச் சொன்னார். கம்பெனியில் அவர் ஸ்டூல் எந்த மூலையில் இருந்தது, நான் என்ன ராசி, எத்தனை தடவை ஆப்பை நிறுத்தினோம் என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான், "சொல்லும் வே" என்றார்.

கையெழுத்துப் போட்டேன் என்றும், தேவகியக்கா வேலைக்கு வந்துவிட்டார் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கேயோ மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது. ஏன் பத்து நாள் என்று கேட்பார், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"காச்சல் விட்டுட்டா?" என்று கேட்டார்.

"விட்டுடுச்சு அண்ணாச்சி" என்றேன்.

"மழையில அலையாதீரும். ஒடம்பப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் பொய்யை நான் இன்னும் அவரிடம் திருத்தவில்லை. திருத்தத்தான் வேண்டும். ஆனால் உலகத்தில் யாரையும் நம்பாத ஒருவர் என்னை ஒருவனை நம்பிக்கொண்டிருக்கிறார், அவரை இழப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.